எடை மட்டும் படகைப் பிடித்துவைக்காது

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தப் படகை வீட்டு முற்றத்தில் வைத்திருந்து, விடுமுறை வந்தால் காருக்குப் பின்னால் டிரெய்லரில் பூட்டி ஏரிக்கு இழுத்துப் போவது சாதாரண வழக்கம். ஒரு டன் எடையுள்ள படகு தன் பாரத்திலேயே அசையாமல் இருக்கும், கட்டுவதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எடை கீழ்நோக்கி மட்டுமே அழுத்தும். சாலையோ படகை எல்லாத் திசையிலும் தள்ளும். சரக்கு லாரிகளுக்கான அமெரிக்க விதி, கட்டுகள் முன்னோக்கிப் புவியீர்ப்பின் 0.8 மடங்கையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கையும் தாங்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கை இந்தப் படகுக்குப் போட்டால், பிரேக் அழுத்தும்போது முன்னோக்கி 800 கிலோ எடைக்குச் சமமான விசை. உராய்வு அதைத் தாங்குமா? படகு சுலபமாக ஏறி இறங்கத்தானே பல டிரெய்லர்களில் உருளைகளையே வைத்திருக்கிறார்கள்!

முன்பக்கம் வின்ச் பட்டை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். வின்ச், படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுப்பதற்கான கருவி. அதன் பல்சக்கரத்தைத் தடுக்கும் சிறு கொக்கி நழுவினால் பட்டை மொத்தமும் அவிழ்ந்துவிடும். அதனால்தான் படகின் மூக்கு வளையத்தை டிரெய்லரோடு தனிச் சங்கிலியாலும் பிணைக்கிறார்கள். அப்போதும் பின்பக்கம் துள்ளுவதை இவை இரண்டும் தடுப்பதில்லை. அதற்குப் பின்புற வளையங்களிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு இரண்டு குட்டைப் பட்டைகள் வேண்டும். இறுக்கிக் கட்டினால் படகின் உடல் விரிசல் விடும் என்ற பயம், நடுவில் குறுக்கே போடும் நீளப் பட்டைக்குத்தான் ஓரளவு பொருந்தும். வலுவான வளையத்திலிருந்து கீழே இழுக்கும் பட்டைக்கு அல்ல. நைலான் நீளும், அது நீளும் அளவுக்குப் படகு எழும்பி விழும். பாலியெஸ்டர் பட்டையே மேல்.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் யோசிக்காதது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அமர வேண்டும். படகு பின்னால் நகர்ந்தால் அந்தப் பங்கு குறையும். வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். உள்ளே தேங்கிய தண்ணீரும் அப்படித்தான்: 100 லிட்டர் என்றால் 100 கிலோ, ஓடிப் பின்னால் சேரும். ஆகவே கிளம்புமுன் அடித்துளை அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். சில கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பாருங்கள்.