பெங்களூர் விழாவுக்கு முன் பங்காருபேட்டைக் கடைவீதி

தங்கவயலிலிருந்து பெங்களூர் ‘காமிக் கான்’ விழாவுக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாரிகுப்பத்து ரயில் எப்படியும் பங்காருபேட்டை வந்துதான் பெங்களூர் போக வேண்டும். அங்கே இறங்கி, கடைவீதியில் பழைய தமிழ்ச் சித்திரக்கதைகள் உண்டா என்று விசாரியுங்கள்.

2012-ல் பெங்களூருக்கு வந்த இவ்விழாவில் ஆங்கில இதழ்களே கண்ணைப் பறிக்கும். நமக்கோ, 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ் உண்டு, 1984-ல் லயன் வந்தது. இன்று இவை பெரும்பாலும் சந்தாதாரர் வீட்டுக்கே போகின்றன.

பெயர் அறிந்தவர்தான் சந்தா கட்டுவார். அறியாத பிள்ளை, கடையில் தொங்கும் அட்டையைப் பார்த்துத்தானே கை நீட்டும்? கன்னட நாட்டில் வளரும் நம் பிள்ளை தமிழை ஆசையோடு எழுத்துக்கூட்டிப் படிக்க அது ஒரு வழி. கடைக்காரரிடம் கேளுங்கள், கேட்டால்தான் வரவழைப்பார். கிடைத்ததைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.