கல்லூரி வானொலிக்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நிகழ்ச்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது பாட்டுக் கேட்பது. அடுத்தது படம் பார்ப்பது. அதே கம்ப்யூட்டரில் ஒரு வானொலி நிகழ்ச்சி தயாரிக்கலாம், அதை ஒரு கல்லூரி வானொலி நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதற்குத் தேவை ஒரு ஹெட்போன் மைக், ஓர் இலவச சாப்ட்வேர், சொல்வதற்கு ஒரு விஷயம். சோமனூரில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

2017 செப்டம்பர் 7 அன்று மழையில் சோமனூர் பஸ் ஸ்டாண்டின் கூரை இடிந்து விழுந்து 5 பேர் இறந்தார்கள். 2022 ஜனவரியிலும் 2025 மார்ச்சிலும் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கெடும் ஊர் இது. இப்படிப்பட்ட விஷயங்களை மாணவர்கள் கல்லூரி வானொலியில் பேச முடியுமா? பாதி முடியும், பாதி முடியாது. எந்தப் பாதி என்று தெரியாமல் ரெக்கார்டிங்கில் இறங்கினால் உழைப்பு வீணாகிவிடும். அதனால் முதலில் விதியைப் பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் கல்வி நிறுவனங்கள் சொந்தமாக எப்.எம். நிலையம் வைக்க மத்திய அரசு 2002 டிசம்பரில் அனுமதி அளித்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களும் நிலையம் தொடங்கலாம் என்று 2006ல் விதியை விரிவுபடுத்தினார்கள். நம் பக்கத்தில் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கும் பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரிக்கும் இத்தகைய நிலையங்கள் உண்டு.

இந்த நிலையங்களுக்கு அனுமதி தரும்போதே ஒரு நிபந்தனை போடப்படுகிறது. செய்தி, நடப்பு நிகழ்வுகள், அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்பக் கூடாது. விவசாயம், உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல், சமூக நலம், உள்ளூர்க் கலை ஆகியவற்றைப் பேசலாம். பேசலாம் என்பது மட்டுமல்ல, நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாரானதாக இருக்க வேண்டும். அதாவது உங்களைப் போன்றவர்கள் கொண்டுவரும் நிகழ்ச்சி நிலையத்துக்கும் தேவை.

வெளிநாட்டில் நிலைமை வேறு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ.கே.சி.ஆர். என்ற மாணவர் வானொலி இருக்கிறது. 2024 ஏப்ரல் 30 இரவு, போராட்டக்காரர்கள் பிடித்து வைத்திருந்த கட்டடத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது அந்த மாணவர்கள் நேரடியாக வர்ணனை செய்தார்கள். கேட்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் நிலையத்தின் இணையதளமே முடங்கிப் போனது. நம் ஊர்க் கல்லூரி வானொலி அப்படிச் செய்தால் அனுமதிக்கே ஆபத்து வரும்.

செய்தித்தாளுக்கும் டிவிக்கும் இல்லாத தடை வானொலிக்கு மட்டும் எதற்கு? அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்துவிட்டது. தனியார் வானொலிகளும் சமுதாய வானொலிகளும் செய்தி சொல்லக் கூடாது என்பதை எதிர்த்து 2013ல் அதே நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கும் போடப்பட்டது. எனக்கு இந்தத் தடையில் நியாயம் தெரியவில்லை. ஆனால் விதி விதிதான், அதை வைத்துக்கொண்டே நிறையச் செய்யலாம்.

கூலிப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய பேச்சுவார்த்தையில் யார் எத்தனை சதவீதம் கேட்டார், யார் எழுந்து போனார் என்பது செய்தி. அதைத் தொடாதீர்கள். 'கூலிக்கு நெசவு' என்றால் என்ன என்று விளக்குவது செய்தி அல்ல. தறி உரிமையாளர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கி, காடா துணியாக நெய்து கொடுத்து, கூலி மட்டும் பெறுகிறார். துணி விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கையில் இருப்பது கூலி ஒன்றுதான். கூலிக் கணக்கில் 'பிக்' என்ற சொல் அடிக்கடி வரும். ஓர் அங்குலத் துணியில் குறுக்கே ஓடும் ஊடை இழைகளின் எண்ணிக்கைதான் பிக். பிக் கூடினால் அதே மீட்டரை நெய்ய அதிக நேரம் பிடிக்கும். இவ்வளவையும் ஒரு தறிக்காரர் தன் வாயால் பத்து நிமிடம் சொன்னால், கேட்பவர் அடுத்த நாள் பேப்பரில் வரும் கூலிச் செய்தியைத் தானே புரிந்துகொள்வார்.

பஸ் ஸ்டாண்டு விஷயமும் இப்படித்தான். தவறு யாருடையது என்று விவாதித்தால் அது நடப்பு அரசியல். பொதுக் கட்டடத்தில் விரிசலோ நீர்க்கசிவோ தெரிந்தால் யாருக்கு மனு கொடுப்பது, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எப்படிக் கேள்வி கேட்பது, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி என்றால் அது பொது அறிவு. எல்லைக்கோட்டில் நிற்கும் நிகழ்ச்சி என்றால் நிலையப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டியவர் அவர். பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இனி கம்ப்யூட்டர் வேலை. 'அடாசிட்டி' என்ற சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். இது 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஹெட்போன் மைக்கைச் செருகியபின் அடாசிட்டியைத் திறந்து, சேனல் என்ற இடத்தில் 'மோனோ' என்று தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, பைல் அளவும் பாதியாகிவிடும். சிவப்பு வட்டம் ரெக்கார்ட் பட்டன். பேசும்போது மேலே உள்ள மீட்டர் மைனஸ் 6 அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், பிறகு எந்த சாப்ட்வேராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பேட்டியைத் தறிக்குடோனுக்குள் எடுக்காதீர்கள். அடாசிட்டியின் 'எபக்ட்' மெனுவில் 'நாய்ஸ் ரிடக்சன்' என்ற வசதி இருக்கிறதே என்பீர்கள். மின்விசிறி போல ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் அது நன்றாக நீக்கும். முதலில் யாரும் பேசாத சில வினாடிகளைத் தேர்ந்தெடுத்து 'கெட் நாய்ஸ் புரொபைல்' என்பதைக் கிளிக் செய்ய வேண்டும், பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்க வேண்டும். தறியில் நாடா ஓடும் சத்தமோ விட்டு விட்டு அடிக்கும் சத்தம். அதை நீக்கப் போனால் பேசுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். பேட்டியை வீட்டுத் திண்ணையில் எடுங்கள். தறிச் சத்தத்தைத் தனியாக அரை நிமிடம் பதிவு செய்து, தொடக்கத்தில் மெதுவாக ஒலிக்க விடுங்கள். அது போதும், ஊர் கண்முன் வந்துவிடும்.

மொபைலில் பதிவு செய்தாலும் சரிதான். ஆனால் பல மொபைல்கள் எம்4ஏ வகைப் பைலாகச் சேமிக்கும். விண்டோஸில் அடாசிட்டி அதைத் திறக்க 'எப்எப்எம்பெக்' என்ற துணைச் சாப்ட்வேரையும் போட வேண்டும். மொபைல் ரெக்கார்டரின் செட்டிங்கில் 'வேவ்' அல்லது 'எம்பி3' இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு நிகழ்ச்சியை இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டி ஒட்டி, 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுத்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அங்கே திறந்தால் வெறும் கோடுகள்தான், சத்தமே இல்லை. அந்தக் காலப் பதிப்பில் ப்ராஜெக்ட் பைலில் வெறும் குறிப்புகள்தான் இருக்கும், ஒலி பக்கத்திலுள்ள ஒரு போல்டரில் இருக்கும். நான் காப்பி செய்தது சில கிலோபைட் குறிப்பை மட்டும். 2021ல் வந்த 3.0 பதிப்பு முதல் எல்லாம் ஒரே பைலுக்குள் வந்துவிட்டன. ஆனாலும் அது அடாசிட்டியில் மட்டுமே திறக்கும். ப்ராஜெக்டை உங்களிடம் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு 'பைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆடியோ' மூலம் வேறு பைல் உருவாக்குங்கள்.

எந்த வகைப் பைல்? பத்து நிமிட மோனோ பேச்சு வேவ் பைலாக சுமார் 53 எம்பி வரும். அதுவே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆனால் 5 எம்பிக்குள் அடங்கும். பென் டிரைவில் நேரில் கொடுப்பதானால் வேவ், இமெயிலில் அனுப்புவதானால் எம்பி3.

இன்னொன்றும் உண்டு. சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். பத்து கிலோமீட்டர் சுற்றளவில் கேட்டால் பெரிய விஷயம். கோவையில் ஒலிபரப்பாகும் உங்கள் நிகழ்ச்சி சோமனூரில் கேட்காது. அதனால் அந்த எம்பி3 பைலை டீக்கடைக்காரர், டெய்லர் கடைக்காரர் மொபைல்களுக்கும் அனுப்பிவிடுங்கள். எப்.எம். அனுமதியின் நிபந்தனை இந்தப் பகிர்வுக்குப் பொருந்தாது, அவதூறுச் சட்டம் பொருந்தும். பேட்டி கொடுத்தவரிடம் 'இதை வானொலியிலும் மொபைலிலும் போடலாமா' என்று கேட்டு, அவர் 'சரி' என்பதையும் பதிவின் தொடக்கத்திலேயே ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் முன் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் போதும், ப்ராஜெக்டின் முதல் பிரதியில் அது பத்திரமாக இருக்கும்.