ஸ்பிதிக்கு பைக்கில் போகிறீர்களா? முதலில் இரவு தங்கும் உயரத்தைக் கணக்கிடுங்கள்

"விடியற்காலை அஞ்சு மணிக்கு மணாலியில கிளம்புறோம். குன்ஜும் கணவாய் ஏறி இறங்குனா ராத்திரிக்கு காஜா. மொத்தமே 200 கிலோமீட்டர்தான்!"

ஜூன் மாதம் நெருங்கினால் சென்னையிலும் கோவையிலும் பைக் நண்பர்கள் கூடும் இடங்களில் இப்படித்தான் திட்டம் உருவாகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு அப்படி மயக்கும் இடம். மரமே இல்லாத பழுப்பு மலைகள், நடுவே சாம்பல் நிறத்தில் பிரிந்து பிரிந்து ஓடும் ஆறு, குன்றின் மேல் அடுக்கடுக்காக நிற்கும் கீ மடாலயம், கி.பி. 996-ல் எழுந்த தாபோ மடாலயம். ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய பூமிதான்.

ஆனால் அந்த நண்பர்கள் போட்ட கணக்கில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஜா 3,600 மீட்டருக்கும் மேலே. முதல் நாள் இரவு படுத்த இடத்துக்கும் மறுநாள் இரவு படுக்கும் இடத்துக்கும் இடையே 1,500 மீட்டருக்கு மேல் வித்தியாசம். நடுவில் 4,500 மீட்டரைத் தாண்டிய ஒரு கணவாய். மலைப் பயணத்தில் உடம்பைப் படுத்துவது பெரும்பாலும் இந்த உயரக் கணக்குதான்.

காற்று மெலிந்தால் உடம்பில் என்ன நடக்கிறது?

காஜாவில் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? வெடித்துவிடும்போல உப்பியிருக்கும். உள்ளே இருப்பது கீழே சமவெளியில் அடைத்த வாயு. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டதால் அது விரிகிறது. அந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் நாமும் மூச்சு விடுகிறோம்.

எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு சுமார் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் காஜாவில் கிடைக்கும். குன்ஜும் உச்சியில் அது 60 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

உடம்பு இதைச் சமாளிக்கத் தெரிந்ததுதான். மூச்சு வேகமாகும், இதயம் வேகமாகத் துடிக்கும், சிறுநீர் அதிகம் போகும். சில நாட்களில் உடம்பு பழகிக்கொள்ளும். அந்தச் சில நாட்களைக் கொடுக்காமல் ஏறும்போதுதான் மலைநோய் வருகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போது இது தொடங்கலாம். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஊட்டி அதற்கும் கீழே. அதனால், "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போயிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

தினமும் உடற்பயிற்சி செய்பவர் என்பதும் பாதுகாப்பல்ல. 1962 போரையொட்டி, சமவெளியிலிருந்து உயரமான எல்லைக்கு அவசரமாக ஏற்றப்பட்ட நம் வீரர்கள் பலர் இந்த நோயால் விழுந்தார்கள். இராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மலை மருத்துவத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். உடம்பு பழகுமுன் மேலே கொண்டுபோகப்பட்டார்கள் என்பதே காரணம்.

பைக் களைப்பு என்று ஏமாந்துவிடாதீர்கள்

மலைநோயின் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல், தூக்கமின்மை. உயரத்துக்குப் போன 6 முதல் 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டும்.

பைக்கில் போகிறவரிடம் இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். தலைவலியா? ஹெல்மெட் இறுக்கம். குமட்டலா? வழியில் சாப்பிட்ட பரோட்டா. அசதியா? நாள் முழுக்கக் குலுங்கிய சாலை. இப்படி நோயை மறைத்தபடியே மறுநாள் இன்னும் மேலே ஏறுவதுதான் ஆபத்து.

எனவே ஒரு விதியை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள். உயரத்தில் வரும் தலைவலி, வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய்தான். அறிகுறி இருக்கும்வரை அடுத்த உயரத்துக்குப் போகக் கூடாது. அங்கேயே ஓய்வெடுங்கள். தலைவலிக்கு பாரசிட்டமால் போடலாம். ஒரு நாளில் தேறாவிட்டாலோ, கூடினாலோ கீழே இறங்கிவிட வேண்டும். கூட்டாளிகள் கிண்டல் செய்வார்களோ என்று மறைப்பவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரிடமும் "தலை வலிக்குதா? சாப்பிட முடியுதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எந்த வழியாக ஏறுவது நல்லது?

ஸ்பிதிக்கு இரண்டு பாதைகள். மணாலி வழி குறுக்குவழி, ஆனால் ஒரே நாளில் உச்சிக்குத் தூக்கிப்போடும். சிம்லா, கின்னௌர் வழி நீளமானது, படிப்படியாக ஏற்றும். முதல்முறை போகிறவர்கள் சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதே உடம்புக்கு உகந்தது.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் அடிப்படை இது. இதன்படி ஒரு திட்டம்:

- முதல் இரவு: சிம்லா, சுமார் 2,200 மீட்டர்
- 2-ம் இரவு: சராஹன், ஏறக்குறைய அதே உயரம்
- 3, 4-ம் இரவுகள்: கல்பா, சுமார் 2,900 மீட்டர்
- 5-ம் இரவு: தாபோ, சுமார் 3,300 மீட்டர்
- 6, 7, 8-ம் இரவுகள்: காஜா

காஜாவில் தங்கும் நாட்களில் பகலில் கீ, லாங்ஜா, ஹிக்கிம், கோமிக் என்று 4,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களுக்குப் போய்விட்டு, இரவு காஜாவுக்கே திரும்பிவிடலாம். பகலில் மேலே, இரவில் கீழே என்பது உடம்பைப் பழக்கும் நல்ல முறை. சந்திரதால் ஏரி 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தங்க ஆசை என்றால் அதைக் கடைசியில் வையுங்கள், முதல் நாளில் வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. காஜாவில் உடம்பு மோசமானால் மணாலி பக்கம் இறங்க நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் இறங்க வேண்டுமானால் முதலில் குன்ஜும் கணவாயை ஏற வேண்டும். நோயாளிக்கு அது எமன். கின்னௌர் பக்கமே போங்கள். நாகோ அருகே ஓர் ஏற்றம் வந்தாலும் அது காஜா அளவிலான உயரம்தான்; அதன்பின் சாலை வேகமாக இறங்கிவிடும்.

உடனே இறங்க வேண்டிய இரண்டு நிலைகள்

நுரையீரலில் நீர் கோப்பது முதலாவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடும் நகமும் நீலம் பாயும், சளியில் இளஞ்சிவப்பு நுரை வரலாம். பெரும்பாலும் மேலே போன இரண்டாம் இரவில் இருந்து நான்காம் நாளுக்குள் தாக்கும்.

மூளை வீங்குவது இரண்டாவது. பேச்சு குழறும், புத்தி தடுமாறும், நடை தள்ளாடும். இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். தங்கும் அறையின் தரையில் டைல்ஸ் கோடு இருக்குமே, அதன்மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் தொட்டுத் தொட்டுப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நிதானத்தில் இருப்பவர் இயல்பாக நடந்துவிடுவார். கோட்டைவிட்டு விலகிச் சாய்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு நிலைக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. நோயாளியை பைக் ஓட்டவோ பின்னால் உட்காரவோ விடாதீர்கள். குளிரும் உடல் உழைப்பும் நோயைக் கூட்டும். கார் பிடித்து, கதகதப்பாகப் போர்த்தி, தனியே விடாமல் கூட்டிப் போங்கள். ஆக்ஸிஜன் கொடுக்க காஜா அரசு மருத்துவமனையை நாடலாம். அவசர எண்கள் 108, 112.

மாத்திரை, ஆக்ஸிஜன் கேன், கற்பூரம்

அசிட்டசோலமைட் மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல்கள் மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டோம் என்று அவசரமாக ஏறுவதுதான் தவறு.

கையடக்க ஆக்ஸிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு சீராகும் என்று நம் ஊர் யாத்திரிகர்கள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவதுண்டு. மூக்கில் ஜில்லென்ற உணர்வைத் தருமே தவிர, இரத்தத்தில் ஆக்ஸிஜனைக் கூட்டாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்துபவை; உயரத்தில் தொடவே வேண்டாம்.

குளிர், வெயில், ஓடைத் தண்ணீர்

பனி உருகி வரும் ஓடைகள் மணாலி பக்கச் சாலையில் குறுக்கிடும். வெயில் ஏற ஏற நீர் பெருகும் என்பதால் காலையிலேயே கடந்துவிடுங்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் உடனே நின்று காலுறையை மாற்றுங்கள். ஈரக்காலுடன் குளிர்காற்றில் ஓட்டினால் விரல்கள் மரத்து பிரேக் மிதிப்பதே தெரியாமல் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி முதுகை நிமிர்த்துங்கள், தண்ணீர் குடியுங்கள். சன்ஸ்கிரீனும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம். மெல்லிய காற்று புற ஊதாக் கதிரைக் குறைவாகவே வடிகட்டும். ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டிக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

யார் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இரத்தசோகை உள்ளவர்களும் முன்பு மலைநோய் வந்தவர்களும் மருத்துவரைக் கலந்துபேசாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. இன்சுலின் போடுபவர்கள் மருந்தைப் பெட்டியில் கட்டாமல் உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

தாளில் ஓர் எண்ணைக் கூட்டுங்கள்

உங்கள் திட்டத் தாளை எடுங்கள். தேதி, ஊர், கிலோமீட்டர், பெட்ரோல் எல்லாம் எழுதியிருப்பீர்கள். ஒவ்வோர் இரவுக்கும் நேராக, படுக்கும் ஊரின் உயரத்தையும் எழுதுங்கள். எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கே ஓர் இரவைக் கூட்டுங்கள். இரண்டு நாள் லீவு கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள். லீவு கிடைக்கவில்லையா? ஸ்பிதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை கல்பாவரை போய்க் கின்னர் கைலாஷ் சிகரத்தில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு நலமாக வீடு திரும்புங்கள்.