ஈஸ்ட் லேக்: ஏரியா மாறுச்சா, ஆளுங்க மாறிட்டாங்களா?

அமெரிக்காவுல, அட்லாண்டா நகரத்துல ஈஸ்ட் லேக் மெடோஸ்னு ஒரு குடியிருப்பு இருந்துச்சு. ஏழைகளுக்குக் குறைஞ்ச வாடகையில விட அரசாங்கம் 1970-ல கட்டினது, 650 வீடு. கட்டின தரமும் மோசம், பராமரிப்பும் இல்லை. துப்பாக்கிச் சத்தம் சகஜமாகி, 'லிட்டில் வியட்நாம்'னே பேர் விழுந்துடுச்சு.

90-கள்ல டாம் கசின்ஸ்ங்கிற ரியல் எஸ்டேட் தொழிலதிபர் வர்றார். அவர் திட்டப்படி எல்லாத்தையும் இடிச்சுட்டு 542 வீடு கட்டினாங்க. பாதி ஏழைகளுக்கு, பாதி சந்தை வாடகைக்கு. கூடவே ஒரு பள்ளிக்கூடம். குடியிருப்போர் சங்கத் தலைவி ஈவா டேவிஸ் இதுக்கு லேசுல சம்மதிக்கலை. அவங்க பயம் நியாயமானதுதான்.

குற்றங்கள் பெருமளவு குறைஞ்சது உண்மை. துப்பாக்கிக்குப் பயந்து பிள்ளைகளை வெளிய விடாம வளர்த்த இடத்துல அது சின்ன விஷயம் இல்லை. ஆனா கணக்கைப் பாருங்க: 650 வீடு இருந்த இடத்துல ஏழைகளுக்கு மிஞ்சினது 271. பழைய குடும்பங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பி வரவே இல்லை. அப்போ பாதுகாப்பு கிடைச்சது யாருக்கு?

2009-ல இதே மாடலை மத்த ஊர்களுக்கும் கொண்டுபோக கசின்ஸ், வாரன் பஃபெட் எல்லாம் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அந்த ஊர்க்காரங்க முதல்ல கேட்கவேண்டியது, எத்தனை பேர் திரும்பி வரலாம்கிறதைத்தான்.