வட்டத்தொட்டி
டி.கே.சி.யின் இலக்கியக் கூடுகை | திருநெல்வேலி, குற்றாலம் | 1920கள் முதல் 1954 வரை

வழக்கறிஞரும் இந்து அறநிலைய வாரிய ஆணையராக (1930–35) இருந்தவருமான ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டில் நண்பர்களுடன் நடத்திய கூடுகை இது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேற, கூடுகையும் கூடவே வந்தது. முறையான சங்கம் அல்ல. கவிதை கேட்கும் விருப்பமே போதுமானதாக இருந்தது.

கம்பன் பாடல் ஒன்றை எடுத்தால் டி.கே.சி. அவசரப்பட மாட்டார். ஓர் அடியையே திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் குரல் நிற்க வேண்டும், எங்கே நகர வேண்டும் என்று காட்டுவார். பொருள் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். வந்தவர்களுக்குச் சாப்பாடும் அவர் வீட்டிலேயே. அந்த உபசாரமும் பாட்டுக்கு இணையாகப் பேர் பெற்றது. ராஜாஜி, கல்கி, நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், திருச்சி வானொலியில் பணியாற்றிய மீ.ப. சோமு முதலியோர் அவரது நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16 அன்று குற்றாலத்தில் காலமானார். அவர் தேர்ந்தெடுத்து உரை எழுதிய பாடல்கள் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற நூலில் உள்ளன.