டயகமக் குளிருக்கு இரண்டு சட்டி

மார்கழி பிறந்துவிட்டால் டயகமவில் பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் மூடுபனி லயத்து வாசலுக்கு வந்துவிடும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி வரும் பஸ் பாதை எங்கள் ஊரோடு ஏறக்குறைய முடிகிறது. அதற்கு மேலே காடு. காட்டுக்கும் மேலே, 2,100 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி. அங்கிருந்து இறங்கும் காற்றுக்கு இரண்டு கம்பளி போர்த்தினாலும் போதாது. தை மாதத்து விடியலில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிக் கிடப்பதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் "குளிருக்கு ஒரு கிளாஸ்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்கும். அந்தக் கிளாஸில் எதை ஊற்றலாம், எப்படி ஊற்றலாம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

நான் நுவரெலியாவில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவன். அப்பா தோட்டத்தில் துரை பங்களாவில் கோக்கி. சமையல் எனக்கு அவர் கையிலிருந்து வந்தது. நத்தார் காலத்தில் வெளிநாட்டு விருந்தினர் முதலில் கேட்பது மல்ட் வைனைத்தான். சிவப்பு வைனில் கறுவாப்பட்டை, கராம்பு, தோடம்பழத் தோல், சீனி எல்லாம் போட்டு, கொதிக்கவிடாமல் சுடவைத்துக் கொடுப்பது அது. ஜெர்மன்காரர் கேட்டால் 'குளூவைன்' என்பார், சுவீடன்காரர் 'குளோக்' என்பார். குளோக்குக்கு அடியில் பாதாம் பருப்பும் முந்திரிகை வற்றலும் போட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் திருப்தி வராது.

இது நேற்று வந்த பழக்கமில்லை. அப்பீசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலைத் திறந்தால் முதல் செய்முறையே தேனும் மிளகும் சேர்த்துக் காய்ச்சிய வைன்தான். அந்த மிளகு எங்கிருந்து போனது? முசிறித் துறைமுகத்தில் யவனர் பொன் கொடுத்து மிளகு ஏற்றிப்போனதை அகநானூறு பேசுகிறது. அவர்கள் கொண்டுவந்து கொடுத்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தி மகிழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. மிளகு மேற்கே போக, வைன் கிழக்கே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே சட்டியில் சேர்வது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான காரியம் என்று நான் நினைப்பதில்லை.

மலையகத்துக்கு இது வந்த வழி வேறு. 1869க்குப் பிறகு இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை எழுந்தபோது, தோட்டம் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி என்று தோட்டங்களுக்குப் பெயர் இருப்பது அதனால்தான். தங்கள் ஊர்க் குளிரை இங்கே கண்டவர்கள் தங்கள் ஊர் நத்தாரையும் பங்களாவுக்குள் கொண்டுவந்தார்கள். 1843இல் வெளிவந்த டிக்கன்ஸின் நத்தார்க் கதையில், மனம் மாறிய முதலாளி தன் குமாஸ்தாவோடு சேர்ந்து குடிக்கலாம் என்று சொல்லும் பானமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பங்களா அடுப்பில் அதைக் காய்ச்சிய கைகள் எங்கள் ஆட்களுடையவை. லயத்துக்கு அது வந்ததில்லை. லயத்துக்கு வந்தது சாராயமும் கசிப்பும். இதை நினைக்காமல் என்னால் இந்தச் சட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். முதல் வேலை மசாலா. அதில் கறுவாவே ராஜா. பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் நாட்டுக் கறுவா, காகிதம்போல மெல்லிய பல தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட குழல். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். முனையில் பார்த்தால் சுருட்டின் முனைபோல அடுக்கடுக்காகத் தெரியும். அதிலும் 'அல்பா' என்ற முதல் தரக் குழல் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காது. வெளிநாட்டுக் கடைகளில் அதே பெயரில் விற்கும் கசியா, தடித்த ஒற்றைத் தோலாகச் சுருண்டிருக்கும். உடைக்கச் சுத்தியல் வேண்டும். அதன் காரம் முரடு. அதிகம் போனால் ஈரலுக்கு ஆகாத கூமரின் என்ற பொருளும் அதில் கூடுதல். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பட்டை வாங்கும்போது இந்த முனையைப் பார்த்து வாங்குங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தக் கரையோரத்துக்காகச் சண்டை போட்டதற்கு இந்தக் குழல் ஒரு பெரிய காரணம்.

முக்கால் லீற்றர் வைன் போத்தல் ஒன்றுக்கு, விரல் நீளத்தில் இரண்டு கறுவாப்பட்டை, ஆறு கராம்பு, தட்டிய ஏலக்காய் நாலு, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு தோடம்பழத்தின் தோல். கராம்பைக் கூட்டாதீர்கள். அதிலுள்ள யூஜினோல் என்ற எண்ணெய் நாக்கை மரக்கவைக்கும். பத்துக் கராம்பு போட்டால் பல் வைத்தியரிடம் போய்வந்த மாதிரி இருக்கும். தோடம்பழத் தோலைச் சீவும்போது நிறமுள்ள மேல்தோல் மட்டும் வர வேண்டும், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும். மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். தூள் போட்டால் பானம் கலங்கி, கடைசி மிடறில் மண் கடித்ததுபோல இருக்கும்.

இவற்றைக் கால் லீற்றர் தண்ணீரிலும் நூறு கிராம் சீனியிலும் போட்டு, மூடிவைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதிக்க வேண்டியது இந்தத் தண்ணீர்தான். பட்டையும் இஞ்சியும் இறங்கக் கொதி தேவை. வைனுக்கு அது ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுகிறவர்கள்தான் "மல்ட் வைன் கசக்கிறது" என்று குறைசொல்கிறவர்கள். சீனிக்குப் பதில் கித்துள் பாணி ஊற்றலாம். நான் வீட்டில் பாணிதான் ஊற்றுவேன், அதன் லேசான புகை வாசம் கராம்போடு நன்றாகப் பொருந்தும்.

அடுப்பைக் குறைத்த பிறகு வைனை ஊற்ற வேண்டும். விலை உயர்ந்த வைன் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், அதன் நுட்பமெல்லாம் கறுவாவுக்குள் மறைந்துவிடும். அதற்காகப் புளித்துப்போன போத்தலை மசாலாவால் காப்பாற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். சூட்டில் அந்தப் புளிப்பு இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கட்டும். லயத்து வீடுகளில் அதிகம் இருப்பது அலுமினியச் சட்டி. வைனின் புளிப்பு அதில் பட்டால் உலோகச் சுவை வரும்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நத்தாருக்கும் மச்சானோடு நடக்கும் வாக்குவாதம் இதுதான்.

"நல்லா தளதளன்னு கொதிக்க விடு மச்சான், அப்பதான் சாரம் இறங்கும்."

"சாரம் ஏற்கனவே தண்ணியில இறங்கிருச்சு மச்சான். இப்ப கொதிச்சா வாசம் பூராவும் கூரைக்குப் போயிரும்."

மதுசாரம் 78 பாகையில் கொதிக்கத் தொடங்கும். நமக்கு வேண்டிய சூடு 60க்கும் 70க்கும் இடையில். வெப்பமானி வீட்டில் எங்கே இருக்கும்? சட்டியின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஆவி எழ வேண்டும், ஓரத்தில் கடுகளவு குமிழ் ஒன்றிரண்டு ஒட்டி நிற்க வேண்டும், நடுப்பகுதி அசையக்கூடாது. அந்த நிலையில் பத்து நிமிடம். கடைசியில் சாதிக்காயை இரண்டு தரம் உரசித் தூவி, வடித்துவிடுங்கள். வடிக்காமல் பிளாஸ்கில் ஊற்றிவைத்தால் ஒரு மணி நேரத்தில் கராம்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

"சூடாக்கினால் மதுசாரம் பறந்துவிடும், பிள்ளைகளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, ஒரு மணி நேரம் கொதித்த பண்டத்திலேயே கால்வாசி மதுசாரம் மிஞ்சும். கொதிக்காமல் பத்து நிமிடம் சுட்ட வைனில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குளூவைன் என்று பெயர் போட்டு விற்கவே குறைந்தது 7 வீதம் மதுசாரம் இருக்க வேண்டும். பன்னிரண்டு வீத வைன் போத்தல் ஒன்றில் 90 மில்லிலீற்றர் தனி மதுசாரம் இருக்கிறது. கால் லீற்றர் மசாலாத் தண்ணீரோடு சேர்ந்தால், நூறு மில்லிலீற்றர் கப் ஒன்றில் ஒன்பது மில்லிலீற்றர். இனிப்பும் மசாலாவும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு நம்பிக்கையும் தவறு. மது உடம்பைச் சூடாக்குவதில்லை. அது தோலுக்கடியில் உள்ள இரத்தக்குழாய்களை விரியவைக்கும். உள்ளே இருக்கும் வெப்பம் இரத்தத்தோடு தோலுக்கு வரும். முகம் காந்தும், குளிர் விட்டதுபோல இருக்கும். ஆனால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும், உடம்பின் உட்சூடு இறங்கிக்கொண்டே வரும். குடித்துவிட்டுப் பனியில் பாதையோரம் விழுந்து கிடப்பவருக்கு ஆபத்து இங்கேதான். குடிக்கும்போது நாம் உணரும் கதகதப்பில் உண்மையானது பானத்தின் சூடும் இஞ்சியின் உறைப்பும். அவற்றுக்கு மது தேவையில்லை.

அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு சட்டி ஏறும். இரண்டாவது சட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

வெறும் திராட்சைச் சாற்றைச் சுடவைத்து மசாலா போட்டால் மருந்துப் பாணிபோலத் திகட்டும். வைனில் இருப்பதும் சாற்றில் இல்லாததும் மூன்று: துவர்ப்பு, புளிப்பு, தொண்டையில் ஒரு சுள்ளென்ற உறைப்பு. துவர்ப்புக்கு எங்கும் தேட வேண்டாம், சுற்றிலும் மலை மலையாக நிற்கிறது. பி.ஓ.பி.எஃப். தேயிலை இரண்டு தேக்கரண்டியைக் கால் லீற்றர் கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கருஞ்சாயமாக வடித்து எடுங்கள். முன்பு சொன்ன அதே மசாலாவை இந்தத் தடவை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவையுங்கள். கூடவே தட்டிய மிளகு ஐந்தாறு, இஞ்சி இரண்டு மடங்கு. உறைப்பு அங்கிருந்து வரும். பிறகு முக்கால் லீற்றர் கருந்திராட்சைச் சாறும் சாயமும் ஊற்றி, ஆவி எழும்வரை சுடவைத்து, இறக்கும்போது அரைத் தேசிக்காய் பிழிய வேண்டும். சீனியை ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

யாழ்ப்பாணத்துக் கருந்திராட்சை கிடைத்தால் சாற்றை வீட்டிலேயே எடுக்கலாம். பழத்தைக் கொஞ்சம் தண்ணீரோடு வேகவைத்து, அகப்பையால் மசித்து, துணியில் வடித்தால் போதும். தோலோடு வேகும்போது நிறமும் கொஞ்சம் துவர்ப்பும் தானாக வரும். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம் வாங்கிவரச் சொல்வேன். 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் துறவிகளின் மடம் அது. அந்த நெல்லிரசத்தில் ஒரு சின்னக் கிளாஸ் சேர்த்தால் தேசிக்காயே வேண்டாம்.

பெரியம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். குடியால் நாசமான வீடுகளை அருகில் இருந்து பார்த்தவர். முதன்முதலில் என் சட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"என்னடா தம்பி இது, சாராயத்தையும் அடுப்புல ஏத்த ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இது அது இல்ல பெரியம்மா. திராட்சைச் சாறு. நம்ம தேயிலைச் சாயம் ஊத்தியிருக்கேன்."

வாங்கி ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மல்லித்தண்ணிக்கு அக்கா மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஹோட்டலில் எந்த விருந்தினர் பாராட்டியும் எனக்கு அந்தச் சந்தோசம் வந்ததில்லை.

பரிமாறுவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கப்பை முதலில் சுடுதண்ணீரில் அலசி எடுங்கள். குளிர்ந்த கண்ணாடி கிளாஸில் நேரே ஊற்றினால் வெடிக்கும், பானமும் உடனே ஆறும். தேத்தண்ணி கப் போதும், அதிலும் முக்கால் அளவு. கூடவே கேக்கோ உளுந்து வடையோ அவித்த கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் வைன் வேண்டாம். இரண்டு சட்டியும் ஒரே நிறத்தில் இருப்பதால் கப் மாறிவிடும். வைன் உள்ள கப்பில் மட்டும் ஒரு தோடம்பழத் துண்டு போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது சட்டிதான். குடியை விட முயல்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் முதல் சட்டியை ஏற்றவே வேண்டாம், போத்தலும் வீட்டுக்குள் வர வேண்டாம். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

காசுக் கணக்கும் இருக்கிறது. இறக்குமதி வைன் ஒரு போத்தலின் விலை, கொழுந்தெடுக்கும் பெண்ணின் பல நாள் சம்பளம். விருந்தாளிக்காக அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கௌரவம் நம் வீடுகளுக்கு வரவே கூடாது. அதே பணத்தில் இரண்டாவது சட்டியை லயம் முழுவதற்கும் காய்ச்சலாம்.

வைன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரில் உந்துவப் போயா வரும், அன்று மதுக்கடை திறக்காது. அனுமதியில்லாமல் வீட்டில் வைன் புளிக்கவைப்பதும் சட்டத்துக்கு ஆகாது. முக்கியமாக, போத்தல் வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது இந்த நாட்டில் குற்றம்.