பாரிஸ் மாநகரின் தெருமுனைப் போசனசாலை

ஒரு நாட்டினரின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் அரண்மனைகளையும் ஆலயங்களையும் பொருட்காட்சிச் சாலைகளையும் கண்டு மீள்வது வழக்கம். அவை காணத்தக்கனவே. ஆயினும், அம்மக்கள் நாள்தோறும் எங்கே, எவரோடு, எவ்வாறு அமர்ந்து உண்கின்றனர் என்பதை அறியாதவன் அவர்தம் வாழ்வின் வாயிலில் நின்று திரும்பியவனே யாவான். பிரெஞ்சு மக்களைப் பொறுத்தமட்டில் அவ்வாயிலைத் திறந்து நம்மை உள்ளே அழைத்துச் செல்வது "பிஸ்திரோ" என்னும் சிறு போசனசாலை. அதன் தோற்றம், அமைப்பு, ஒழுங்கு, உணவு ஆகியவற்றை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம். பிரெஞ்சு மொழி பயிலும் மாணவர்க்கும், மேற்படிப்பின் பொருட்டு அந்நாடு செல்லக் கருதுவோர்க்கும் இது பயன்படுமென நம்புகின்றோம்.

பிஸ்திரோ என்பது பெருஞ்செல்வர் செல்லும் விடுதியன்று. நின்றபடியே காப்பி பருகிச் செல்லும் கடை மட்டுமன்று. தெருமுனையிலோ சந்தினுள்ளோ அமைந்த ஒரு சிறு கூடம். நெருங்கப் போடப்பட்ட பத்துப் பன்னிரண்டு மேசைகள். சுவரோரமாய் ஒரு நீண்ட ஆசனம். அதன் மேல் ஒரு பெரிய கண்ணாடி. ஒருபுறம் உலோகத் தகடு போர்த்த நீண்ட மேடை. இம்மேடையைப் பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் "துத்தநாகம்" என்றே அழைப்பர். அன்று சமைத்த உணவுகளின் பெயர்கள் ஒரு கற்பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். மறுநாள் அவற்றை அழித்துப் புதிதாய் எழுதுவர். உரிமையாளரே சமைப்பவராகவோ பரிமாறுபவராகவோ இருத்தல் பெருவழக்கு. வருவோரிற் பலர் அத்தெருவினர். அவர்தம் பெயரையும் விருப்பையும் கடைக்காரர் நன்கறிவர்.

இப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது. 1814ஆம் ஆண்டில் நெப்போலியன் தோல்வியுற்றபோது பாரிஸ் நகருட் புகுந்த ருஷியப் படைவீரர், பானத்தை விரைந்து கொணருமாறு தம் மொழியில் "பிஸ்த்ரோ, பிஸ்த்ரோ" எனக் கூவினரென்றும், விரைவு என்னும் பொருளுடைய அச்சொல்லே கடைக்குப் பெயராயிற்றென்றும் கூறுவர். மோன்மார்த்ர் குன்றின்மேல் ஒரு போசனசாலையின் சுவரில் இக்கதையைப் பொறித்த பலகையும் உளது. ஆயின், மொழிநூலார் இதனை ஏற்பதில்லை. இச்சொல் நூலில் முதன்முதற் காணப்படுவது 1884ஆம் ஆண்டிலேதான். மக்கள் வாயில் வழங்கிய ஒரு சொல் எழுபது ஆண்டுகள் எழுத்தில் ஏறாதிருத்தல் அரிதன்றோ? நாட்டுப்புற வழக்குச் சொல் ஒன்றினின்று இது பிறந்திருக்கலாமென்பது அறிஞர் சிலர் கருத்து. மேலும், விரைந்துண்டு எழுவதற்கு இதனினும் தகாத இடம் பிறிதொன்றில்லை!

இனி, இத்தகைய சாலைகள் தோன்றிய வகையைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பாரிஸுக்கு வந்த வெளியூரார் பெரும்பாலும் சத்திரத்துப் பொது மேசையிலேயே உண்டனர். வேளையும் விலையும் குறிக்கப்பட்டிருக்கும். உணவுக் கலங்கள் நடுவே வைக்கப்படும். கைவிரைவுடையார்க்கு மிகுதியும், கூச்சமுடையார்க்கு எஞ்சியதுமே கிடைக்கும். 1760ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய முறை தோன்றியது. "ரெஸ்தோரான்" என்பது முதலில் ஓர் இடத்தின் பெயரன்று. உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றின் பெயர். பின்னர் அச்சாறு விற்ற இடத்திற்கே அது பெயராயிற்று. அங்கே வருவோர்க்குத் தனித்தனி மேசையும், விலை குறித்த பட்டியும், வேண்டியதை வேண்டிய வேளையில் உண்ணும் உரிமையும் கிடைத்தன. ஆயின், இவை செல்வர்க்கே எட்டின. எளியோரை முன்னிட்டுத் துவால் என்னும் இறைச்சிக் கடைக்காரர் 1850ஆம் ஆண்டுகளில் "பூயோன்" என்னும் மலிவான உணவுச்சாலைகளைத் தொடங்கினார். அவ்வகையில் 1896ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஷார்த்தியே இன்றும் நடைபெறுகின்றது. அங்குப் பரிசாரகர் மேசையில் விரித்த காகிதத்தின் மேலேயே கணக்கெழுதிக் கூட்டிக் காட்டுவர்.

பிஸ்திரோவின் முன்னோரில் வேறொரு கூட்டத்தாரும் உளர். பிரான்சின் நடுவே ஓவெர்ஞ் என்னும் மலைநாடு ஒன்றுண்டு. குளிர் மிக்கது, வளம் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்தோர் முதலில் வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தனர். பின்னர் விறகும் கரியும் விற்றனர். கரிக்கடையின் ஒரு மூலையில் மேடையிட்டுத் திராட்சமதுவும் விற்கலாயினர். "மதுவும் கரியும்" என்பதே அவர்தம் பெயர்ப்பலகை. நாளடைவில், குடும்பத்தார்க்கென அடுப்பிலேற்றிய குழம்பிலே ஒரு கிண்ணம் வாடிக்கையாளர்க்கும் கிடைக்கத் தொடங்கிற்று. பிற்காலத்தே கரி வழக்கொழிந்தது; குழம்பு நிலைத்தது. வறியோர் தம் வீட்டடுப்பைத் தெருவிற்குப் பங்கிட்டதில் வளர்ந்தது பிஸ்திரோ என்னலாம்.

யாம் முதன்முதல் ஒரு பிஸ்திரோவினுட் புகுந்தபோது நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். கற்றிருந்த பிரெஞ்சை மனத்துள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு, மேடையருகே நின்ற அம்மையாரை அணுகி, "ஒருவருக்கு மேசை உண்டா?" என்றோம். அவர் எம்மை நிமிர்ந்து நோக்கி, "பொன்ஜூர்" என்றார். எமது உச்சரிப்பு விளங்கவில்லை போலுமென்றெண்ணி, வினாவைச் சற்று உரக்கக் கூறினோம். அவர் முன்னினும் மெல்லென, "பொன்ஜூர், மெஸியே" என்றார். அருகிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். அப்பொழுதே எமக்கு உண்மை புலப்பட்டது. வணக்கம் கூறாமல் வினாவத் தொடங்கியிருந்தோம்! நாணத்துடன் "பொன்ஜூர், மதாம்" என்றோம். உடனே முகமலர்ந்து, சன்னலோரத்து மேசையைக் காட்டினார்.

நம் நாட்டில் வாயிலில் நிற்பவனை "வாருங்கள்" என வரவேற்பது வீட்டாரின் கடன். அந்நாட்டிலோ கடையினுட் புகுவோனும் தானே வணக்கம் கூறுதல் வேண்டும். எதிரே நிற்பவர் பணம் பெற்றுப் பண்டம் தரும் பொறியல்லர், நம்மைப் போன்ற மனிதரே என்று ஒப்புக்கொள்வதே அவ்வணக்கத்தின் பொருள். அதனைக் கூறாதவன் எத்துணைப் பொருள் கொடுப்பினும் மதிக்கப்படான்.

இனி உண்ணும் ஒழுங்கு. நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரையும், இரவு 7.30 மணிக்கு மேலும் உணவு வேளை. இடைப்பொழுதிற் பல சாலைகளில் அடுப்பு ஓய்ந்திருக்கும். "மெனு" என்னுஞ் சொல் அங்கே விலைப்பட்டியை மட்டும் குறிப்பதன்று. குறித்த விலைக்கு இரண்டு அல்லது மூன்று படிகளாகத் தரப்படும் முழு உணவே பெரும்பாலும் மெனுவாம். உணவுகளைத் தனித்தனியே விலையிட்டுக் காட்டும் பட்டி "கார்த்" எனப்படும். முதற்படி "அந்த்ரே", அதாவது நுழைவு. மயோனேஸ் என்னும் குழைவு பூசிய வேகவைத்த முட்டையோ, சூப்போ இதில் அடங்கும். அடுத்தது தலைமையான உணவு. அதன்பின் விரும்புவோர்க்குப் பாற்கட்டி, இறுதியில் இனிப்பு. காப்பி இனிப்போடு வாராது. அது முடிந்த பின்னரே வரும். ரொட்டித் துண்டுகள் ஒரு சிறு கூடையில், தனி விலையின்றி வரும். அவற்றிற்குத் தனித் தட்டு இல்லை. மேசை விரிப்பின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். தட்டில் எஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துண்பதைப் பிஸ்திரோவில் எவரும் இழிவாகக் கருதார், சமைத்தவர் மகிழ்வர்.

உண்டு முடித்த பின்னர் எவ்வளவு நேரம் அமர்ந்திருப்பினும் பரிசாரகர் தாமே கணக்குச் சீட்டைக் கொணரார். கேளாமற் கொணர்தல் விருந்தினரை எழுப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். நம் இல்லத்திற்கு வந்தவரை "எப்பொழுது புறப்படுவீர்?" என வினவ நாம் கூசுகின்றோமன்றோ? அக்கூச்சமே இதுவும். பரிமாறுதற்குரிய கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும். மேற்கொண்டு ஈவது நம் விருப்பம்.

மது பருகாதோர் அங்குச் செல்ல அஞ்சவேண்டுவதில்லை. உணவுடன் ஒரு குடுவைக் குழாய்நீர் விலையின்றி வழங்குதல் சட்டத்தால் விதிக்கப்பட்டது. ஆயினும், குழம்புகள் பலவற்றில் மது சேருமென்பதையும், வெங்காயச் சூப்பும் இறைச்சிச் சாற்றில் ஆக்கப்படுவதுண்டென்பதையும் மரக்கறி உண்போரும் மதுவிலக்குடையோரும் அறிந்து, கேட்டு உண்பது நலம்.

பிஸ்திரோவின் சமையல் எளியோர் சமையல். இளங்கோழியின் மார்பும் ஆட்டின் மென்தொடையும் விலைமிக்கன; முற்றிய சேவலும் கழுத்துக்கறியும் மலிவானவை, ஆனால் கடியவை. அவற்றைக் கடியனவாக்குவது "கொலாஜென்" என்னும் இணைப்புப் பொருள். கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்தில், நீரோடு மூன்று நான்கு மணி நேரம் வைப்பின், அது சிறுகச் சிறுகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அப்போது கறி மெத்தென்றாகும். குழம்பும் கட்டிப்பட்டுப் பளபளக்கும். அடுப்பை ஓங்க எரித்து விரைவுபடுத்தினாலோ தசைநார் சுருங்கி வறண்டுபோம். முற்றிய சேவலை மதுவில் வேகவைத்த "கோகோவான்" என்னும் உணவின் இரகசியம் இவ்வளவே. ஓவெர்ஞ் நாட்டின் லெ புய் ஊரைச் சூழ்ந்த எரிமலை மண்ணில் விளையும் பச்சைப்பருப்பும் இவ்வகையது. வெங்காயமும் காரட்டும் கூட்டி, குழையாமல் அளவாய் வேகவைத்து, எண்ணெயும் கடுகும் புளிக்காடியும் கலந்து வழங்குவர். ஏழையின் பருப்பாயிருந்த அதற்கு 1996ஆம் ஆண்டில் பிறப்பிடப் பெயருரிமை வழங்கப்பெற்றது. மலிவான பொருளையும் பொறுமை மேன்மைப்படுத்தும் என்பதை இவ்வடுப்பு கற்பிக்கின்றது.

இத்தகைய சாலைகள் குன்றி வருதல் வருந்தத்தக்கது. 1960ஆம் ஆண்டளவில் பிரான்சு முழுவதும் காப்பிச்சாலைகளும் பிஸ்திரோக்களும் சற்றேறக்குறைய 2,00,000 இருந்தனவென்றும், இன்று 40,000க்கும் குறைவென்றும் கணக்கிடுவர். சிற்றூர்களினின்று மக்கள் வெளியேறியதும், நகரங்களில் வாடகை ஏறியதும், நடந்துகொண்டே உண்ணும் பழக்கம் பரவியதும் காரணங்களாம். எனினும் முயற்சிகள் நிகழாமலில்லை. பெரிய ஹோட்டல்களிற் பயின்ற ஈவ் காம்தெபோர்த் என்னும் சமையல் வல்லுநர், 1992ஆம் ஆண்டில் பாரிஸின் பதினான்காம் வட்டாரத்தில் ஓர் எளிய பிஸ்திரோவைத் தொடங்கி, உயர்ந்த சமையலைக் குறைந்த விலையில் வழங்கினார். பலர் அவரைப் பின்பற்றினர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்து முறையை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஏற்கப்பட்டது ஏதோவொரு பண்டமன்று. கூடியமர்ந்து முறையோடு உண்ணும் வழக்கமே என்பது கருதத்தக்கது.

அவ்வழக்கத்தின் ஆழம் ஒரு துயர நாளின் பின் வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு, பாரிஸில் காப்பிச்சாலை, போசனசாலைகளின் வெளிமேசைகளில் அமர்ந்திருந்தோர் மீதும், இசையரங்கு ஒன்றில் கூடியிருந்தோர் மீதும் கொலைஞர் சுட்டனர். அவ்விரவின் தாக்குதல்களில் 130 பேர் உயிரிழந்தனர். நான்காம் நாள், "அனைவரும் பிஸ்திரோவுக்கு" என்னும் அழைப்பு நகரெங்கும் எழுந்தது. அச்சம் நீங்காதிருந்தும், மக்கள் தத்தம் தெருமுனைச் சாலைகளுக்குச் சென்று அமர்ந்து உண்டனர். அயலாரோடு அஞ்சாது அமர்ந்து உண்பதே தம் நகரின் உயிர் என்பதை அவர் அறிந்திருந்தனர்.

இளைஞர்காள்! நம் விடுதியில் மணியடித்ததும் ஓடி, பத்து நிமிடத்தில் உண்டு, பரிமாறுபவரின் முகத்தையும் நோக்காது எழுந்து செல்லும் நாட்கள் எத்தனை! பிரெஞ்சு நாட்டு உணவு நமக்கு வேண்டுவதில்லை. அவர்தம் மதுவும் வேண்டுவதில்லை. ஆயினும், புகும்போது ஒரு வணக்கம், அருகிருப்போருடன் அமைதியான உரையாடல், எழும்போது சமைத்தவர்க்கு ஒரு நன்றிமொழி ஆகிய மூன்றும் நமக்குச் செலவின்றிக் கிடைப்பன. அவற்றை நாளை நண்பகலிலேயே தொடங்கலாம்.